முடிச்சுக்கு மேலே

சந்தூர் நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவள் நான்.
கட்டுக்கு இரண்டே கால் ரூபாய்.
கூழ் ஆலை கழித்த கொட்டை முளைத்துப்
பென்சில் தடிமன் வந்ததும்
தலையைச் சீவி, பிளந்து,
பெங்களூராக் குச்சியை ஆப்பாய்ச் செதுக்கி இறக்கி
நாடா சுற்றினால்
இருபத்தொரு நாளில் இரண்டு ரத்தமும் ஒன்றாகும்.
ரத்தம் என்று சொல்வது நான்தான்.
ரெஹானா அதற்கு வேறு பேர் சொல்வாள்.

பையூரிலிருந்து பஸ்ஸில் வருவாள் அவள்,
டிபன் டப்பா நிறையப் புல்லுருவிப் பழத்தோடு.
பிதுக்கினால் கோந்து. கோந்துக்குள் விதை.
உதறினாலும் விரலை விடாது.
குருவி என்ன செய்யும் தெரியுமா என்றாள்.
தெரியாமலா?
கட்டைவிரல் அளவுதான் இருக்கும்,
தின்றது வெளியே வரும்போது ஒட்டிக்கொள்ளும்,
கிளையில் பின்புறத்தைத் தேய்த்துவிட்டுப் பறக்கும்.
அந்த வேலையை இந்த வருஷம்
நாங்கள் இருவரும் செய்தோம்.

இங்கே மாவில் பழுத்த விதை,
வேப்பனப்பள்ளியில் வேம்பின் மேல் பழுத்த விதை,
சிங்காரப்பேட்டைப் பக்கம் புங்கனில் பழுத்தது கொஞ்சம்.
கிளை கிளையாய் ஒட்டி
நகப்பாலிஷால் நம்பர் போட்டோம்.
தோப்புக்காரர் திம்மராயப்பன் பார்த்துவிட்டுத்
"திருடனுக்குச் சாவி அடிக்கிறீங்களா?" என்றார்.

வேம்புக்காரன் மாவிலும் முளைத்தான்.
பச்சைக் காலை நீட்டிப் பட்டையைத் தடவினான்.
கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
எட்டாம் நாள் வெயிலில் கருகிப்போனான்.
புங்கன்காரன் அதற்கும் முன்னாலேயே.
நம்மூர்க்காரன் மட்டும்
இருட்டில் சொந்தக் கொல்லைக்குள் போகிறவன் மாதிரி
உள்ளே போய்விட்டான்.
கிளை வீங்கி மூட்டுப் போட்டது.

அதே நம்மூர்க்காரனை
வேலியோரக் கொட்டை மரத்திலும் ஒட்டியிருந்தோம்.
யாரோ துப்பியதில் வந்த மரம்,
புளிப்பு, பிசின், பேர்கூடக் கிடையாது.
நாற்பதில் மூன்று பிடித்தது.
பக்கத்துக் கொட்டை மரத்தில் பதினொன்று.
வாய்க்கால் அண்டையில் இருப்பதில் ஒன்றுமே இல்லை.
மரத்துக்கு மரம் பூட்டு வேறு.

பெங்களூராவில்
முப்பத்தாறு.
அடுத்த மரம் முப்பத்தைந்து.
அதற்கடுத்ததும் முப்பத்தாறு.
வேறு வேறு மரம்தானே இதெல்லாம் என்றேன்.
ரெஹானா பேனாவை மூடிவிட்டு
என் கையைப் பார்த்தாள்.

கத்தி பிடித்துக் காய்த்த கை.
இருபத்திரண்டு வருஷமாய்
ஒரே மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது அது.
போச்சம்பள்ளிக்கு லாரி ஏறியதும் அதுதான்,
பர்கூருக்குப் போனதும் அதேதான்.
முடிச்சுக்குக் கீழே ஒவ்வொரு வேருக்கும்
தாய் வேறு, தகப்பன் வேறு.
முடிச்சுக்கு மேலே
ஒருத்தியே லட்சம் தலையோடு நிற்கிறாள்.
பூட்டை மாற்ற அவளுக்குப் பிள்ளை வேண்டும்.
நான் பெறவிடவில்லை.

புல்லுருவி பெற்றுக்கொண்டே இருக்கிறது.
பிள்ளை கொஞ்சம் வேறு மாதிரி,
பேரன் இன்னும் கொஞ்சம்.
தோற்றதெல்லாம் கருகி விழ
ஜெயித்தது கோந்தோடு அடுத்த கிளைக்குப் போகிறது.
வேலை செய்யாதவனைப் புல்லுருவி என்று
ஊரில் திட்டுவார்கள்.
இவ்வளவு பாடுபட்டவனை நான் பார்த்ததே இல்லை.

மழை பொய்த்த வருஷம் ஒன்று ஞாபகம் வருகிறது.
மா இலையெல்லாம் தொங்கிவிட்டது,
அது மட்டும் பச்சையாய், பூவோடு.
மாசியில் கிளை செத்தது.
பங்குனியில் அதுவும்.
சாவி கையில் இருந்தது, வீடுதான் இல்லை.

போன வியாழக்கிழமை
ஐநூறு கன்று லாரி ஏறியது.
அதில் ஐந்தை நான் ஒட்டவில்லை.
பேருக்கு ஒரு கீறல், மேலே நாடா,
தலை அதனதன் சொந்தத் தலை.
ரெஹானாவிடம்கூடச் சொல்லவில்லை.
ஐந்துக்கும் சேர்த்துத்தான் கூலி வாங்கினேன்,
பதினோரு ரூபாய் இருபத்தைந்து பைசா.

ஆறு வருஷம் கழித்து
யாரோ ஒருத்தர் கடித்துவிட்டு முகம் சுளிப்பார்,
சந்தூர்க்காரி ஏமாற்றிவிட்டாள் என்பார்.
சரிதான்.
அதற்கு முன்னாலேயே அந்தக் கட்டைவிரல் குருவி
அந்தக் கிளையிலும் வந்து உட்கார்ந்து
தேய்த்துப் பார்த்திருக்கும்.